அடைக்கலம் தந்த அம்மையார்

திருவிழாக் கூட்டத்தில் ஒரு குழந்தை காணாமற்போனால் ஊரே தேடும். தாய் அழுவாள், தந்தை காவல் நிலையத்துக்கு ஓடுவார், தண்டோராவும் போடுவார்கள். ஆனால், பெற்றோரே பிறர் கையில் ஒப்படைத்துவிட்ட குழந்தையைத் தேடுவார் யார்? பணத்துக்கு விற்கப்பட்டு, வேறு வீட்டில் வேறு பெயரில் வளரும் சிறுமி காணாமற்போனவளாகவே கருதப்படுவதில்லை. அவள் இருக்குமிடம் எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே எவரும் அவளைத் தேடுவதில்லை. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னை மாகாணத்தில் இவ்வாறு தொலைந்த சிறுமியர் பலர். அவர்களைத் தொலைந்தவர்கள் என்று முதலில் உணர்ந்து, சட்டமன்றத்திலும் தம் வீட்டு வாயிலிலும் அவர்களுக்காக நின்றவர் மருத்துவர் முத்துலெட்சுமி அம்மையார்.

மகப்பேற்று உதவித் திட்டத்தின் பெயராக இன்று நம் வீடுகளில் வழங்கும் அப்பெயர், 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்த ஒரு பெண்குழந்தைக்கு இடப்பட்டது. தந்தையார் நாராயணசாமி, மகாராஜா கல்லூரியின் முதல்வர். கல்வியால் மதிப்புப் பெற்றவர். தாயார் சந்திரம்மாள் இசையும் நடனமும் வளர்த்த தேவதாசி மரபில் வந்தவர். இவ்விருவரின் இணைவைத் தந்தையாரின் உறவினர் ஏற்கவில்லை. பிறப்பைக் காரணங்காட்டி ஒரு பெண்ணை எப்படித் தள்ளிவைப்பர் என்பதைப் பின்னாளில் அம்மையார் நூல்களில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. தம் தாயின் முகத்திலேயே அதைக் கண்டு வளர்ந்தார்.

மகாராஜா கல்லூரியில் அதுவரை ஆண்கள் மட்டுமே பயின்றனர். அங்குச் சேர முத்துலெட்சுமி விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. அவர் வந்தால் ஆண்மக்களின் ஒழுக்கம் கெடும் என்று அஞ்சியவர்களும், பிறப்பைச் சுட்டிக் குறைகூறியவர்களும் இருந்தனர். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் இடமளித்தார். வகுப்பில் மாணவர்களுக்கும் அவருக்கும் இடையே திரை தொங்கியது. அத்திரைக்குப் பின்னிருந்தே பயின்று தேறி, 1907-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்றார். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் பணியேற்றார்.

மருத்துவர் சுந்தரரெட்டியை 1914-ஆம் ஆண்டு மணந்தபோது அவர் விதித்த நிபந்தனை தமிழ்நாட்டில் பலரும் அறிந்ததே. தம்மைச் சமமாக மதிக்க வேண்டும். தம் விருப்பத்துக்கும் பணிக்கும் குறுக்கே நிற்றல் ஆகாது என்பதே அது. கணவர் அச்சொல்லைக் காத்தார். பின்னாளில் ஆதரவற்ற சிறுமியர் தம் வீட்டுக்குள் வந்து நிறைந்தபோதும் அவர் முகஞ்சுளிக்கவில்லை. அம்மையாரின் வரலாற்றைக் கூறுவோர் இவரை விரைவாகக் கடந்துபோவது பொருந்தாது.

அம்மையார் எதிர்த்து நின்ற முறையின் இயல்பை இங்குச் சற்று விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். கோயிலில் இறைவனுக்குப் பணிசெய்யவென்று சிறுமியரை அர்ப்பணித்துப் பொட்டுக்கட்டும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்தது. பொட்டுக்கட்டப்பட்டவள் இறைவனின் மனைவியாகக் கருதப்பட்டாள். ஆகவே, மனிதர் எவரையும் மணக்க அவளுக்கு வழியில்லை. ஒருகாலத்தில் இம்மகளிர்க்கு மதிப்பும் சொத்தும் இருந்தன. எழுத்தறிவும் இசையறிவும் பெண்களுக்கு மறுக்கப்பட்ட நாளில் அவற்றைப் பேணிக் காத்தவர்கள் அவர்களே. இன்று நாம் போற்றும் ஆடற்கலையும் அவர்கள் வழியாகவே நம்மை வந்தடைந்தது. ஆயின், அரசுகள் வீழ்ந்து, கோயில்களின் வருவாய் சுருங்கியபோது, செல்வர்களின் ஆதரவையே நம்பி வாழும் நிலைக்குப் பலர் தள்ளப்பட்டனர். இறைவன் பெயரால் நடந்த சடங்கு, பலவிடங்களில் பெண்ணை விலைபேசுவதற்கான திரையாக மாறியது.

இம்மரபில் சொத்து மகள்வழியே சென்றது. பெண்மகவு இல்லாதவர் பிறர் வீட்டுச் சிறுமியைத் தத்தெடுத்து வளர்க்க வழக்கம் இடந்தந்தது. வறுமையில் வாடிய பெற்றோர் சிலர், சிறு தொகை பெற்றுக்கொண்டு மகளைக் கொடுத்தனர். தத்து என்பது பெயர்; நடந்தது விற்பனை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், ஐந்து வயதளவில் பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் இவ்வாறு விற்கப்பட்டவர் என்பர். அப்பிள்ளை வளர்ந்து, தம்மை விற்ற வழக்கத்துக்கு எதிராகவே ஊர்ஊராகச் சென்று பேசினார். அதன் கொடுமைகளை 1936-இல் ஒரு புதினமாகவும் எழுதி வெளியிட்டார். முத்துலெட்சுமி அம்மையார் சட்டமன்றத்தில் எழுப்பிய குரலுக்குத் தெருவிலிருந்து வலிமை சேர்த்தவர் அவர். உயர்கல்வி பயிலும் பெண்களுக்கான உதவித் திட்டம் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சிறுமியரை விற்பதற்கும் வாங்குவதற்கும் எதிராகச் சட்டமே இல்லை என்று எண்ணிவிடலாகாது. பரத்தமைக்காகச் சிறார்களை விற்போரை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372-ஆம் பிரிவும், வாங்குவோரை 373-ஆம் பிரிவும் தண்டித்தன. சட்டம் இருந்தும் சிறுமியர் மீளவில்லை. பொட்டுக்கட்டுதல் சமயச் சடங்கு என்றும், தத்தெடுத்தல் குலவழக்கம் என்றும் சொல்லித் தப்புதல் எளிதாக இருந்தது. என்ன நோக்கத்துடன் குழந்தை கைமாறியது என்பதை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். சாட்சி சொல்ல யார் வருவர்? கொடுத்தவரும் வாங்கியவரும் சொல்லமாட்டார். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது.

மேற்படிப்புக்காக இலண்டன் சென்று திரும்பிய அம்மையார், 1926-ஆம் ஆண்டின் இறுதியில் மகளிர் அமைப்புகளின் முயற்சியால் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமனம் பெற்றார். அம்மன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் அவரே, துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெருகிவந்த மருத்துவத்தொழிலை விட்டு அரசியல் மேடை ஏற அவருக்கு முதலில் மனமில்லை. ஏறிய பின்னரோ, அந்த மேடையை ஒருநாளும் வீணாக்கவில்லை. 1927-ஆம் ஆண்டு நவம்பரில், கோயில்களுக்குப் பெண்களை அர்ப்பணிக்கும் வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்னும் தீர்மானத்தை அவர் கொண்டுவந்தார். மன்றம் அதனை ஏற்றது. மைசூர் அரசு 1909-ஆம் ஆண்டிலேயே தன் பொறுப்பிலிருந்த கோயில்களில் தேவதாசிப் பணியை நிறுத்தியிருந்தது. அங்கு முடிந்தது இங்கு ஏன் முடியாது என்பதே அவர் வாதம்.

தீர்மானம் வேறு, சட்டம் வேறு. சமயத்தில் கைவைக்கும் சட்டத்தை இயற்ற ஆங்கில அரசு தயங்கியது. அவ்வேளையில் அம்மையார் தேர்ந்த வழி, அவருடைய நுண்ணறிவுக்குச் சான்று. நோயின் மூலத்தைத் தேடும் மருத்துவரைப்போல அவர் இவ்வழக்கத்தின் மூலத்தைத் தேடினார். அது நிலத்தில் இருந்தது. கோயில் பணிக்கு ஈடாகத் தேவதாசியர்க்கு மானிய நிலங்கள் வழங்கப்பட்டிருந்தன. பணி இருக்கும்வரைதான் நிலம். பணி நின்றால் நிலமும் போய்விடும். ஒரு பெண்ணுக்கு முதுமை வந்தால், அவளிடத்தில் பணிசெய்ய அடுத்த தலைமுறைச் சிறுமி ஒருத்தி வேண்டும். இல்லையேல் குடும்பம் பட்டினி கிடக்கும். ஆகவே, பொட்டுக்கட்டும் வழக்கத்தைப் பக்தியைக் காட்டிலும் நிலமே உயிரோடு வைத்திருந்தது எனலாம்.

இக்கட்டை அவிழ்க்க, 1926-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் அவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 1929-இல் அது நிறைவேறியது. அதன்படி, தேவதாசியரின் மானிய நிலங்கள் கோயில் பணியினின்று விடுவிக்கப்பட்டன. பணிசெய்தாலும் செய்யாவிட்டாலும் நிலம் அவர்கள் கையில் நிலைக்க வழி பிறந்தது. எவரும் தண்டிக்கப்படவில்லை, எவர் வீட்டுக் கதவையும் காவலர் தட்டவில்லை. நிலத்துக்காக இனி ஒரு சிறுமியைப் பலியிட வேண்டுவதில்லை என்னும் நிலை மட்டும் உண்டாயிற்று. தாய்மார் தாமாக விரும்பி மகளை விடுவிக்க இச்சட்டம் வழிசெய்தது. அம்மையார் இயற்றச் செய்த சட்டங்களுள் அதிகம் பேசப்படாத இதுவே, என் எண்ணத்தில், அவற்றுள் மிகச் சிறந்தது.

எதிர்ப்பு பல திசைகளிலிருந்தும் வந்தது. ஆகமத்துக்கும் மரபுக்கும் இழுக்கு என்றனர் ஒருசாரார். கலை அழிந்துவிடும் என்றனர் மற்றொரு சாரார். தேவதாசியர் சிலரும் சங்கம் கூட்டி, மனு எழுதி எதிர்த்தனர். தங்களை ஒட்டுமொத்தமாக இழிந்தோராகக் காட்டுவது தகாது என்றும், தங்கள் சொத்துரிமையும் கலையும் பறிபோகும் என்றும் அவர்கள் முறையிட்டனர். இம்முறையீட்டை வெறும் தன்னலம் என்று ஒதுக்கிவிட இயலாது. ஆண்களின் குற்றத்துக்குப் பெண்களின் பெயரை இழிவுபடுத்தும் பேச்சு அந்நாளில் மிகுந்திருந்தது உண்மை. எனினும், அம்மையாரின் கண் விவரம் அறிந்த பெண்களைவிட, விவரம் அறியுமுன்னரே பொட்டுக்கட்டப்படும் ஐந்து வயதுக் குழந்தைமீதே நிலைத்திருந்தது. அக்குழந்தையின் இசைவை யார் கேட்டார்? அக்கேள்விக்கு எதிர்த்தோரிடம் விடையில்லை. காந்தியடிகளும் பெரியாரும், வேறுவேறு பாதைகளில் நின்றும், இப்பொருளில் அம்மையார் பக்கமே நின்றனர்.

1930-ஆம் ஆண்டு இரண்டு வகையில் முதன்மையானது. பெண்களையும் சிறுமியரையும் கடத்திப் பரத்தமையில் ஈடுபடுத்துவோரையும் அதற்கென விடுதி நடத்துவோரையும் தண்டிக்கும் சட்டம், அம்மையாரின் பேராதரவுடன் சென்னை மாகாணத்தில் அவ்வாண்டில் இயற்றப்பட்டது. பொட்டுக்கட்டுதலை நேரடியாகக் குற்றமாக்கும் மசோதாவையும் அவர் மன்றத்தின் முன் வைத்தார். அது நிறைவேறுமுன் உப்பு அறப்போர் மூண்டது. காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அம்மையார் தம் உறுப்பினர் பதவியைத் துறந்தார். மூன்றாண்டு உழைத்த மசோதா ஒருபுறம். நாட்டின் தன்மானம் மறுபுறம். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். மசோதா நடுவழியில் நின்றது. எளிதாக எடுத்த முடிவாக அது இருந்திருக்க முடியாது.

ஆயினும், அவ்வாண்டிலேயே வேறொரு பொறுப்பு அவரைத் தேடி வந்தது. பொட்டுக்கட்டுதலுக்கு அஞ்சி, அவ்வாழ்வு வேண்டாமென்று வெளியேறிய இளம்பெண்கள் மூவர் அவர் வீட்டு வாயிலில் வந்து நின்றனர். சட்டமன்றத்தில் பேசிய பேச்சு அவர்கள் செவிக்கும் எட்டியிருந்தது. வெளியே வந்துவிட்டோம், இனி எங்கே போவது என்பதே அவர்கள் வருகையில் அடங்கியிருந்த வினா. அம்மையார் அவர்களை மாணவியர் விடுதியில் சேர்க்க முயன்றார். அந்நாளில் விடுதிகளும் சாதிவாரியாகவே நடந்தன. பிறப்பைக் கேட்டறிந்ததும் அவை இடம்தர மறுத்தன. கோயிலுக்குக் கொடுக்கப்பட்டதைப் புனிதம் என்று போற்றிய ஊர், அவளே படிக்க வந்தபோது தன் மகளிரோடு அமரத் தகாதவள் என்றது.

அம்மூவரையும் தம் இல்லத்திலேயே வைத்துக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. சில நாள் தங்கட்டும் என்று தொடங்கியது அத்துடன் முடியவில்லை. ஒருத்தி வந்த இடத்துக்கு இன்னொருத்தி வந்தாள். மீட்கப்பட்டவர்களும் ஏமாற்றப்பட்டவர்களும் கைவிடப்பட்டவர்களும் பெற்றோரை இழந்தவர்களும் வந்தனர். சாதியோ சமயமோ அங்குக் கேட்கப்படவில்லை. இவ்வாறு 1931-ஆம் ஆண்டில் உருப்பெற்றதே ஔவை இல்லம். திருமணம், குடும்பம் என்னும் எல்லைகளுக்கு வெளியே, தம் கல்வி ஒன்றையே துணையாகக் கொண்டு நாடெங்கும் மதிப்புடன் உலவிய மூதாட்டியின் பெயரை அவ்வில்லத்துக்குத் தேர்ந்தது எத்துணைப் பொருத்தம்! வந்து சேர்ந்த ஒவ்வொரு சிறுமிக்கும் அப்பெயரே முதற்பாடமாக அமைந்தது.

மீட்பதைக் காட்டிலும் மீட்டபின் காப்பதே கடினம் என்பதை அம்மையார் அனுபவத்தில் அறிந்தார். இத்தகைய தொழிலில் பெண்களைத் தள்ளுவோருக்குப் பூட்டிய அறையைவிட உறுதியான வேறொரு பூட்டு உண்டு. அது, திரும்பிச் செல்ல இடமில்லாமை. வீட்டார் ஏற்கமாட்டார், ஊரார் தூற்றுவர், கையில் தொழிலில்லை. ஆகவே, மீண்டவள் வந்த வழியே திரும்பிச் செல்லும் இடர் எப்போதும் உண்டு. மீட்டுவந்து ஒரு கூரையின்கீழ் அடைத்துவைத்தல் இதற்கு மருந்தாகாது. அதுவும் ஒருவகைச் சிறையே. கல்வியும் தொழிலும் தந்து, தன் காலில் நிற்கச் செய்தல் வேண்டும். ஔவை இல்லம் அவ்வழியிலேயே நடந்தது. அங்கு வந்த பெண்கள் பள்ளிக்குச் சென்றனர். ஆசிரியராகவும் செவிலியராகவும் பயிற்சி பெற்றனர். பலர் தாம் விரும்பியவாறு மணம்புரிந்து குடும்பம் அமைத்தனர். ஒருகாலத்தில் விலைபேசப்பட்ட சிறுமி, ஆசிரியராகி மாதச் சம்பளம் வாங்கியபோது, அவளை இனி எவரும் விலைபேச இயலாது.

இல்லம் வளர்ந்தபோது இடம் போதவில்லை. 1936-ஆம் ஆண்டு அது அடையாற்றுக்குப் பெயர்ந்தது. அம்மையார் தம் தொழிலால் ஈட்டியதைச் செலவிட்டார். நண்பர்களிடமும் செல்வர்களிடமும் கையேந்தினார். சட்டமன்றத்தில் எவர்க்கும் தலைவணங்காதவர், பிள்ளைகளின் உணவுக்காகப் பிறர் வாயிலில் நிற்கத் தயங்கவில்லை.

நடுவழியில் நின்ற மசோதாவுக்கு 1947-ஆம் ஆண்டில்தான் விடிவு வந்தது. ஓமந்தூர் இராமசாமியார் தலைமையிலான அமைச்சரவைக் காலத்தில், கோயிலுக்குப் பெண்களை அர்ப்பணித்தலைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. பொட்டுக்கட்டுவோரும் அதற்குத் துணைநிற்போரும் தண்டிக்கப்படுவர் என்றது சட்டம். அதனினும் இன்றியமையாத கூறு ஒன்று அதில் இருந்தது. முன்னரே பொட்டுக்கட்டப்பட்டவளும் சட்டப்படி மணம்புரிந்துகொள்ளலாம். அச்சடங்கு அவள் திருமணத்துக்குத் தடையாகாது. ஏற்கெனவே தொலைந்தவர்களும் திரும்பிவர அது வழிவிட்டது. அதே சட்டம் கோயிலில் அம்மகளிர் ஆடுவதையும் தடுத்தது. ஆடலும் பாடலுமே வாழ்வாகக் கொண்டிருந்த முதிய கலைஞர் சிலர் அதனால் மேடையை இழந்தனர். பிற குடும்பத்துப் பெண்கள் அக்கலையைக் கற்றுப் புகழ்பெற்ற காலத்தில், அதைக் காத்துக் கொடுத்தவர்கள் பலர் மறக்கப்பட்டனர். விடுதலையின் வரவை எழுதும்போது இவ்விழப்பையும் சேர்த்தே எழுதுதல் முறை.

நாடு விடுதலை பெற்றபின் இச்சிக்கல் மாகாண எல்லையைக் கடந்தது. மனிதர்களைக் கடத்தி விற்பதற்கு எதிராக ஐக்கிய நாடுகள் உருவாக்கிய உடன்படிக்கையில் இந்தியா 1950-இல் கையொப்பமிட்டது. அதன் தொடர்ச்சியாக 1956-இல் நாடு முழுமைக்குமான தடுப்புச்சட்டம் வந்தது. மீட்கப்படும் பெண்களுக்குக் காப்பில்லங்கள் அமைய வேண்டும் என்பதையும் அச்சட்டம் சொல்லிற்று. சென்னையில் ஒரு தனிமனிதர் தம் வீட்டு அறையில் தொடங்கியதை, கால் நூற்றாண்டு கழித்து நாட்டின் சட்டம் தன் கடமையாக ஏற்றது.

அம்மையாரின் பிற பணிகள் தனிநூலுக்கு உரியவை. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பலிகொடுத்த துயரை அவர் மறக்கவில்லை. 1952-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, 1954-இல் அது செயற்படத் தொடங்கியது. 1956-ஆம் ஆண்டு நடுவணரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1968-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள், எண்பத்திரண்டாம் வயது நிறைவதற்குச் சில நாள் இருக்கையில், அவர் மறைந்தார்.

விடுதிகள் மறுத்த மூன்று பெண்களுக்காகத் தோன்றிய இல்லம், இன்றும் அடையாற்றில் இயங்கிவருகிறது. பள்ளியும் ஆசிரியர் பயிற்சி நிறுவனமும் அதனோடு சேர்ந்து வளர்ந்துள்ளன. காலைநேரத்தில் அவ்வழியே செல்வோர், சீருடை அணிந்த சிறுமியர் புத்தகப்பையுடன் அவ்வாயிலில் நுழைவதைக் காணலாம்.